ரிப்பன் வெட்டியாச்சு, படத்தை எப்போ பார்க்கிறது?

மக்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள். எழுதினால் இரண்டு பக்கமும் திட்டு விழும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

"சிவகாசிப் பக்கம் ஒரு ஓவியக் கூடம் வேணும்ப்பா" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் அந்தக் கூடத்தை எப்படித் திறப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தால் இப்போதே வயிற்றைக் கலக்குகிறது. வாசலில் இருபதடி ஃப்ளெக்ஸ். அதில் திறந்து வைக்கிறவர் முகம் ஆளுயரத்துக்கு, படம் வரைந்தவர் முகம் ஸ்டாம்ப் சைஸில். குத்துவிளக்கு. பொன்னாடை. நினைவுப் பரிசு. "நேரமின்மை கருதி என் உரையைச் சுருக்கமாக" என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேச்சு. கடைசியில் ரிப்பன். உள்ளே போய் வலது பக்கம் நாலு படம், இடது பக்கம் நாலு படம், நடுவில் நின்று ஒரு போட்டோ. கார் கிளம்பிவிடும். மறுநாள் பேப்பரில் செய்தி வரும். மூன்றாம் நாள் அந்தக் கூடத்தில் வாட்ச்மேன் மட்டும் இருப்பார்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒரு கண்காட்சியில் மாட்டியிருக்கும் படங்கள் யாருடைய கையிலிருந்து, யாருடைய வாழ்க்கையிலிருந்து வந்தனவோ, அவர்கள்தான் அதன் முதல் விருந்தாளிகள். அவர்களை வெளியே நிறுத்திவிட்டு நடக்கும் திறப்பு விழாவில் படங்கள் வெறும் மேடை அலங்காரம். வெம்பக்கோட்டை, சிவகாசி, சாத்தூர் பக்கம் ஒரு பொதுக் கூடம் வருமானால், இந்த ஒரு விஷயத்தையாவது ஆரம்பத்திலேயே ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

ஊருக்கெல்லாம் படம் போடுகிற ஊர்

வெளியூர் நண்பர்களுக்காக ஒரு சின்ன முன்கதை. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு சிவகாசிக்குத் திரும்பி வந்தார்கள். தீப்பெட்டி செய்தால் அதன்மேல் லேபிள் ஒட்ட வேண்டும். லேபிள் வேண்டுமென்றால் அச்சகம் வேண்டும். அச்சகம் வந்தபின் காலண்டர், டைரி, நோட்டு, கல்யாணப் பத்திரிகை என்று எல்லாமே வந்தது. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று மூன்று தொழிலும் அண்ணன் தம்பி மாதிரி ஒட்டிக்கொண்டு வளர்ந்த ஊர் இது.

லேபிளிலும் காலண்டரிலும் இருக்கும் படத்தை யாரோ ஒருவர் வரைந்தாக வேண்டுமே? இங்கேதான் கோவில்பட்டி கொண்டையராஜு வருகிறார். 1898ல் மயிலாப்பூரில் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். திருவண்ணாமலையில் ரமணரிடம் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதப் போனார். கடைசியில் கோவில்பட்டிக்கு வந்து தேவி ஆர்ட் ஸ்டுடியோவை ஆரம்பித்தார். அவர் வரைந்த கஜலட்சுமி சிவகாசியில் அச்சாகி எத்தனை வீட்டுச் சுவருக்கும், எத்தனை கடைக் கல்லாவுக்கும் போனது என்பதற்குக் கணக்கே கிடையாது. டி.எஸ்.சுப்பையா, டி.எஸ்.அருணாசலம், ராமலிங்கம், மீனாட்சிசுந்தரம் என்று அவரிடம் கற்றுக்கொண்டவர்கள் ஒரு பட்டாளம். 1976ல் அவர் இறந்தார். நம் பாட்டி லட்சுமி என்றாலே மனசில் நினைத்த முகம் அநேகமாக இவர்கள் கோவில்பட்டியில் உட்கார்ந்து வரைந்த முகம்தான்.

இதைப் பற்றி உலகம் படித்துக்கொண்டுதான் இருக்கிறது. கனடாவின் ஸ்டீபன் இங்கிலிஸ் கொண்டையராஜுவைப் பற்றி 1995ல் ஒரு விரிவான ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். கஜ்ரி ஜெயின் இந்தியக் காலண்டர் படங்களைப் பற்றி எழுதிய 'காட்ஸ் இன் த பஜார்' என்ற தடிமனான புத்தகத்தை 2007ல் அமெரிக்காவில் ட்யூக் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அதில் சிவகாசிக்குப் பெரிய இடம் உண்டு. எங்கோ இருக்கிறவர்கள் நம் ஊர்ப் படத்தை வைத்துப் பாடம் நடத்துகிறார்கள். நல்லது, சந்தோஷம்.

ஆனால் வெம்பக்கோட்டையில் பிறந்து, பன்னிரண்டு வருடம் இங்கேயே பள்ளிக்கூடம் போய், இப்போது பி.காம் படிக்கும் என்னை, இந்தப் படங்களின் மூலப் பிரதிகளை வரிசையாக மாட்டி, கீழே வரைந்தவர் பெயரும் எழுதி வைத்திருக்கும் ஒரு சுவருக்கு முன்னால் யாரும் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியதில்லை. எங்கள் வகுப்பில் கொண்டையராஜு பெயரைக் கேட்டால் "எந்தக் கட்சி?" என்று கேட்பார்கள். பையன்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பார்க்க வைத்தால்தானே தெரியும்?

என் பெரியப்பா சிவகாசியில் லேபிள் ஆர்ட்டிஸ்டாக இருந்தவர். பிரஷ்ஷில் தலைமுடி கனத்துக்குக் கோடு இழுப்பார். கம்ப்யூட்டர் வந்தபின் அந்த வேலை போய், அப்புறம் பலசரக்குக் கடையில் கணக்கு எழுதினார். அவர் கையால் வரைந்த அட்டைகளில் பாதியைக் கறையான் தின்றுவிட்டது. மீதி எங்கள் வீட்டுப் பரணில் சாக்குப் பைக்குள் இருக்கிறது. ஒவ்வொரு மழைக்காலமும் ஒரு கட்டு குறைகிறது. பரணில் இப்படி ஒரு சாக்குப் பை உள்ள வீடு எங்கள் வீடு மட்டும் இல்லை. கூடம் வேண்டும் என்று நான் சொல்வது பொழுதுபோக்குக்காக இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். தள்ளிப்போடத் தள்ளிப்போட, மாட்டுவதற்குப் படம் இருக்காது.

"காலண்டர் படமெல்லாம் ஒரு கலையா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். ஹாஸ்டலில் ஏற்கெனவே வந்துவிட்டது.

ராஜா ரவிவர்மாவைத் தெரியுமா என்று கேட்டால் எல்லோரும் தெரியும் என்பார்கள். அவருடைய மூல ஓவியங்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1979ல் அவருடைய ஓவியங்களைக் கலைச் செல்வம் என்று அறிவித்து, நாட்டை விட்டு வெளியே விற்கக் கூடாது என்று மத்திய அரசு தடையே போட்டது. அதே ரவிவர்மா 1894ல் பம்பாயில் அச்சகம் ஆரம்பித்து, தன் சரஸ்வதியையும் லட்சுமியையும் கல்லச்சில் போட்டு ஊரெல்லாம் விற்றார். கொண்டையராஜு வகையறாக்கள் செய்ததும் அதே வேலைதான். ராஜா செய்தால் ஓவியம், கோவில்பட்டிக்காரர் செய்தால் காலண்டரா? என்ன சார் நியாயம் இது?

"அது வியாபாரம்" என்பார்கள். நான் காமர்ஸ் மாணவன், வியாபாரம் என்ற வார்த்தையைக் கேட்டு நான் மூக்கைப் பிடிக்க மாட்டேன். ஒரு படம் விற்றது என்பது அதை நிறையப் பேர் தங்கள் காசைக் கொடுத்துத் தங்கள் சுவரில் மாட்டினார்கள் என்பதற்கான சாட்சி. கூடத்தில் யாரும் பார்க்காமல் தொங்கும் படத்துக்கு அந்தச் சாட்சி கிடையாது.

ஒரு கண்காட்சியின் வரவு செலவு

இனி திறப்பு விழாவுக்கு வருவோம். நான் கண்ணால் பார்த்த ஒன்று. எந்தக் கல்லூரி என்று சொல்லப் போவதில்லை, கேட்காதீர்கள்.

மாணவர்கள் வரைந்த படங்களுக்கு ஒரு கண்காட்சி. வரவு செலவு நோட்டு என் கையில் இருந்தது. செலவுப் பக்கத்தில் என்னென்ன என்றால்: ஃப்ளெக்ஸ், பொன்னாடை, ஷீல்டு, மாலை, மைக் செட், விருந்தினருக்குத் தனியாக முந்திரி பிஸ்கட், மற்றவர்களுக்குச் சமோசா. படத்துக்கு ஃப்ரேம் போட "பட்ஜெட் இல்லை". சார்ட் பேப்பரைச் செல்லோடேப் போட்டு ஒட்டினோம். காற்றடித்தால் ஒன்றொன்றாக விழுந்தது. நோட்டைப் பார்க்கிற எந்த ஆடிட்டரும் இதை ஒரு பாராட்டு விழா என்றுதான் சொல்லுவார். ஓவியம் சம்பந்தப்பட்ட செலவு அந்தச் செல்லோடேப் ஒன்றுதான்.

சிறப்பு விருந்தினர் ஒன்றரை மணி நேரம் தாமதம். அதுகூடப் பழகிப்போன விஷயம். பழகாத ஒன்று அன்றைக்கு நடந்தது. ஒரு பையன் தன் அம்மாவின் கைகளை வரைந்திருந்தான். அம்மா பயர் ஆபீசில் (வெளியூர்க்காரர்களுக்கு: பட்டாசுத் தொழிற்சாலையை நாங்கள் ஆபீஸ் என்றுதான் சொல்லுவோம்) சரம் பின்னுகிறவர். விரல் இடுக்கில் திரி மருந்துக் கறை, நகத்தின் ஓரம் வெடிப்பு, எல்லாம் அப்படியே பென்சிலில் இருந்தது. அந்தக் கண்காட்சியிலேயே நல்ல படம் அதுதான். அம்மா அன்றைய கூலியை விட்டுவிட்டு, புதுச் சேலை கட்டிக்கொண்டு, மகன் வரைந்ததைப் பார்க்க வந்திருந்தார். "விஐபி போனப்புறம் உள்ளே விடுறோம்மா, ஓரமா நில்லுங்க" என்றார்கள். நின்றார். பேச்சு முடிந்து, ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்து, எல்லோரும் கலைந்தபோது மணி நாலரை. ஹாலைப் பூட்ட வேண்டும் என்று சாவியோடு ஆள் வந்துவிட்டார். ஊருக்குக் கடைசி பஸ்ஸும் போய்விடும். வாசலில் இருந்தபடியே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார் அந்த அம்மா.

யார் கை சுவரில் தொங்கியதோ அவருக்கு அந்தச் சுவர் வரைக்கும் போக வழியில்லை. வேண்டுமென்று யாரும் செய்யவில்லை என்பது எனக்கும் தெரியும். விழா என்றால் இப்படித்தான் என்று எல்லோருக்கும் மண்டையில் ஏறிக் கிடக்கிறது. எனக்குக் கோபமே அந்த "இப்படித்தான்" மேல்தான்.

லண்டனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

"வெளிநாட்டைப் பார்" என்று சொன்னால் சிலருக்கு எரிச்சல் வரும். ஆனால் இந்தக் கதை நம் கதை மாதிரியே இருப்பதால் சொல்கிறேன்.

கிழக்கு லண்டனில் வொயிட்சேப்பல் என்ற பகுதி. கூலிக்காரர்கள், துறைமுகத் தொழிலாளர்கள், அகதிகள் வாழ்ந்த இடம். அங்கே சாமுவேல் பார்னெட் என்ற பாதிரியாரும் அவர் மனைவி ஹென்ரியெட்டாவும் 1881ல் தங்கள் தேவாலயத்தை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் படக் கண்காட்சி நடத்த ஆரம்பித்தார்கள். படங்களைப் பணக்காரர்களிடம் இரவல் வாங்கி மாட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமையும் திறந்து வைத்தார்கள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஞாயிறன்று கண்காட்சி என்றால் பெரிய சண்டை. கர்த்தரின் நாளைக் கெடுக்கிறார்கள் என்று எதிர்ப்பு. தொழிலாளிக்கு ஓய்வு கிடைப்பதே அந்த ஒரு நாள்தானே, அன்றைக்குப் பூட்டிவைத்தால் பிறகு யாருக்காகக் கண்காட்சி என்பதுதான் விஷயம். பார்னெட் பின்வாங்கவில்லை. இந்தக் கண்காட்சிகளிலிருந்து பிறந்ததுதான் 1901ல் திறந்த வொயிட்சேப்பல் கேலரி.

அந்தக் கேலரிக்கு 1939 ஜனவரியில் பிக்காசோவின் குவெர்னிகா வந்தது. 1937ல் ஸ்பெயினில் குவெர்னிகா என்ற ஊர்மேல் குண்டு போட்டு மக்களைக் கொன்றதைப் பற்றிய பிரம்மாண்டமான படம். தொழிற்கட்சித் தலைவர் அட்லீ திறந்து வைத்தார். நுழைவுக் கட்டணம் என்ன தெரியுமா? ஸ்பெயினில் போர்முனையில் நிற்பவர்களுக்கு அனுப்புவதற்காக ஒரு ஜோடி பூட்ஸ்.

அங்கேயும் விஐபி இருந்தார், கவனியுங்கள். விஐபி வரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கூடம் யாருக்காக என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இருக்கவில்லை. ஒரு ஜோடி பூட்ஸோடு வருகிறவர்தான் அங்கே பார்வையாளர்.

நம் ஊர்ப் போட்டோக்கள் எங்கே போகின்றன?

குண்டு வெடித்துச் செத்தவர்களைப் பற்றிய படம் என்றதும் எனக்கு நம் ஊர்தான் ஞாபகம் வருகிறது. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். 2024 பிப்ரவரியில் ராமுதேவன்பட்டியில் பத்துப் பேர். இது முழுப் பட்டியல் இல்லை. இங்கே இருக்கிறவர்களுக்குப் பட்டியல் தேவையும் இல்லை.

ஒவ்வொரு முறையும் கேமராக்கள் வரும். வர வேண்டியதுதான், வராவிட்டால் அதுவும் தப்பு. 1990ல் சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம், தீப்பெட்டி, பட்டாசு ஆபீஸ்களில் வேலை செய்த பிள்ளைகளை வெளியுலகத்துக்குக் காட்டியது. அந்த மாதிரிப் படங்கள் பேசியதால்தான் குழந்தைத் தொழிலாளர் பிரச்சனையை மூடி மறைக்க முடியாமல் போனது. அந்த மரியாதை எனக்கு உண்டு.

என் கேள்வி வேறு. அலுமினியப் பவுடர் அப்பி வெள்ளி மாதிரி மின்னும் முகத்தோடு ஒரு தொழிலாளி நிற்கும் போட்டோவைப் பெருநகரத்தில் ஏசி ஹாலில் மாட்டுகிறார்கள். கையில் ஜூஸ் கிளாஸோடு வருகிறவர்கள் "பவர்ஃபுல்" என்கிறார்கள். நல்லது. அந்தப் போட்டோவில் இருக்கிறவருக்கு ஒரு பிரிண்ட் போனதா? அவர் ஊரில் ஒரு நாளாவது அது மாட்டப்பட்டதா? "இதில் நான் நல்லாவே இல்லை, வேற எடு" என்று சொல்ல அவருக்கு ஒரு வாய்ப்பு உண்டா? ஒரு ஊரின் மரணத்தை மட்டும் வெளியூரில் காட்டி, அதே ஊரின் கைத்திறமையைப் பரணில் கறையானுக்குப் போட்டால், நாளைக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு நாங்கள் எரிந்து போகிறவர்கள் மட்டும்தான். கஜலட்சுமியின் கண்ணை வரைந்ததும் இதே ஊர் ஜனங்கள் என்பது யாருக்கும் தெரியாது. எங்களுக்கே மறந்துவிடும். ஒரு கூடத்தில் இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்துச் சுவரில் இருக்க வேண்டும். அதை முதலில் நாங்கள் பார்க்க வேண்டும்.

"அவங்க எல்லாம் வரமாட்டாங்க தம்பி"

இதுதான் எல்லாவற்றையும்விட மோசமான பதில். கூலிக்குப் போகிற ஜனம் படம் பார்க்க வராது, அவர்களுக்குச் சோறுதான் முக்கியம் என்பது.

என் சித்தி பயர் ஆபீசுக்குப் போகிறவர். வருடா வருடம் காலண்டர் வாங்கக் கடைக்குப் போனால் பத்துக் காலண்டரை விரித்துப் போட்டுப் பார்ப்பார். "இந்த முருகனுக்குக் கண்ணு சரியில்ல, எங்கயோ பாக்குறார்." "இதுல மயிலு கோழி மாதிரி இருக்கு." "இந்தம்மா சிரிப்புல தெய்வக்களை இல்ல, சினிமாக்காரி மாதிரி இருக்கா." கடைக்காரர் நொந்துபோவார். விமர்சனம் என்பது இதுதானே ஐயா! ஒரு வருடம் முழுக்கத் தினமும் முகத்தில் முழிக்க வேண்டிய படத்தைத் தேர்ந்தெடுப்பவருக்கு இருக்கும் அக்கறை, ஐந்து நிமிஷத்தில் நாற்பது படம் பார்க்கிறவருக்கு இருக்குமா?

வெம்பக்கோட்டை அகழாய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். வைப்பாற்றின் கரையில், விஜயகரிசல்குளத்தில் 2022 மார்ச்சில் முதல் கட்டம் தோண்டினார்கள். அந்த ஒரு கட்டத்தில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள். 2023ல் இரண்டாம் கட்டம், 2024ல் மூன்றாம் கட்டம். சங்கு வளையல்கள், சுடுமண் பொம்மைகள், பாசிமணிகள், தந்தத்தில் செய்த பகடை, பாண்டி ஆடும்போது எறிவோமே அந்த மாதிரிச் சில்லுகள். கிடைத்ததை ஊரிலேயே கண்காட்சியாக வைத்தார்கள். எங்கள் தெருப் பாட்டிகள்கூடப் போய் வந்தார்கள். "நாங்க போட்ட வளையல் மாதிரியேதான்டா இருக்கு" என்று ஒரு வாரம் பேச்சு. இந்த மண்ணில் அந்தக் காலத்திலேயே கடல் சங்கை வாங்கி வந்து அறுத்து வளையல் செய்திருக்கிறார்கள், கை வேலை இங்கே புதுசு இல்லை என்று அவர்களுக்கு யாரும் மைக் பிடித்துச் சொல்லவில்லை. பார்த்தார்கள், புரிந்துகொண்டார்கள்.

ஆக, ஜனம் வராது என்பது பொய். வர முடியாத நேரத்தில் திறந்துவைத்துவிட்டு வரவில்லை என்று சொல்வதுதான் நடக்கிறது. காலை வேன் ஏறினால் சாயங்காலம் வீடு திரும்புகிறவருக்கு, பத்து முதல் ஐந்து வரை திறந்திருக்கும் கூடம் வருடம் பூராவும் பூட்டிக் கிடக்கும் கூடம்தான்.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய்?

திட்டுவது சுலபம், அதனால் நானே ஒரு திட்டம் தருகிறேன். கட்டடமே வேண்டாம், முதலில் ஒரு வாரம் நடத்திப் பார்ப்போம்.

1. எப்போது: ஆடிப்பெருக்கு. ஒவ்வொரு வருடமும் அன்றைக்குத்தான் சிவகாசியில் பூஜை போட்டு அடுத்த வருடக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுகிறார்கள். வியாபாரிகள், ஏஜென்ட்டுகள் பார்த்து ஆர்டர் கொடுக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், அது ஒரு ஓவியக் கண்காட்சிதான்! பொதுஜனத்துக்கு மட்டும்தான் அழைப்பு இல்லை. அதே வாரத்தில் பழைய படங்களையும் புதுப் படங்களையும் சேர்த்து ஊருக்குக் காட்டலாம்.

2. எங்கே: கல்யாண மண்டபத்தில். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, மண்டபங்கள் காலியாகக் கிடக்கும். வாடகையும் குறைத்துப் பேசலாம். காலியாகக் கிடக்கும் சொத்துக்கு வருகிற எந்த வருமானமும் லாபம் என்பது எங்கள் பாடத்தில் முதல் வருடமே வந்துவிடும்.

3. நேரம்: வார நாட்களில் சாயங்காலம் ஆறு முதல் ஒன்பது. ஞாயிறு முழு நாள். டிக்கெட் கிடையாது. கொச்சி பியன்னாலேயே வாரத்தில் திங்கட்கிழமையை இலவசமாக விட்டிருக்கிறது. நமக்கு எதற்கு டிக்கெட்?

4. அழைப்பு: வாட்ஸப்பில் ஒரு படத்தைத் தட்டிவிட்டு "அனைவரும் வருக" என்பது அழைப்பு இல்லை. நம் ஊரில் கல்யாணத்துக்கு எப்படி அழைக்கிறோம்? வீடு வீடாகப் போய், வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்து, "குடும்பத்தோட வந்துரணும்" என்கிறோம். வைக்காவிட்டால் பத்து வருடப் பகை. அதே மாதிரி பழைய ஆர்ட்டிஸ்ட் வீடுகளுக்கும், அச்சகத் தொழிலாளர் வீடுகளுக்கும், போட்டோவில் இருக்கிறவர் வீடுகளுக்கும் பத்திரிகை வைக்க வேண்டும். பத்திரிகை அடிக்க இடம் தேட வேண்டியதில்லை, சிவகாசியில் இருக்கிறோம் :-)

5. வரவேற்பு: மேடை கிடையாது, மைக் கிடையாது. வாசலில் சந்தனம், கல்கண்டு, பன்னீர். நடத்துகிறவர்கள் வாசலில் நின்று வருகிற ஒவ்வொருவரையும் "வாங்கம்மா, வாங்கண்ணே" என்று கூப்பிட வேண்டும். வரவேற்பு என்ற வார்த்தைக்கு அதுதானே அர்த்தம்? எல்லோருக்கும் ஒரே பந்தி, ஒரே வடை. முந்திரி பிஸ்கட் தனித் தட்டு ஒழிக.

6. படத்துக்குக் கீழே: பெரிய எழுத்தில், தமிழில், வரைந்தவர் பெயர், வருடம், அச்சகம், கல்லச்சா ஆஃப்செட்டா, இவ்வளவு போதும். போட்டோ என்றால் அதில் இருப்பவர் சம்மதித்தால் அவர் பெயரும். பெயர் இல்லாமல் "பட்டாசுத் தொழிலாளி" என்று மட்டும் போடக் கூடாது.

7. கணக்கு: கடைசி நாள் வரவு செலவை வெளியே போகிற வாசலில் ஒட்ட வேண்டும். பொன்னாடைக்கு எவ்வளவு, ஃப்ரேமுக்கு எவ்வளவு என்று ஊர் பார்க்கட்டும்.

"விஐபி இல்லாமல் பணம் எங்கேயிருந்து வரும்?" என்று என் நண்பன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. விஐபியை மூன்றாம் நாள் கூப்பிடுவோம். கூட்டம் நிரம்பிய கூடத்துக்குள் அவர் வரட்டும். படம் வரைந்த தாத்தா அவர் கையைப் பிடித்து ஒவ்வொரு படமாகக் கூட்டிப்போய்க் காட்டட்டும். காலியான ஹாலில் ரிப்பன் வெட்டிவிட்டுப் போகிறவரைவிட, ஊரே நின்று பார்ப்பதைப் பார்க்கிறவர்தான் காசு கொடுப்பார். விளம்பரம் என்றாலும் அதுதான் நல்ல விளம்பரம்.

இன்னொரு பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. எல்லா விழாவும் போலி, கண்காட்சியே வேண்டாம், தொழிலாளிக்குக் கூலியும் பாதுகாப்பும் வாங்கிக் கொடு, அப்புறம் படம் மாட்டு என்று சொல்லும் தோழர்களே: கூலியும் பாதுகாப்பும் முதலில், அதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. ஆனால் வயிறு நிறைந்த பிறகுதான் ஒருவர் படம் பார்க்கத் தகுதி பெறுவார் என்றால், அந்த வாசலில் "ஓரமா நில்லுங்க" என்று சொன்னவருக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? அவர் விஐபி போகும் வரை நிற்கச் சொன்னார். நீங்கள் புரட்சி வரும் வரை நிற்கச் சொல்கிறீர்கள்.

பரணில் இருக்கும் சாக்குப் பை அதுவரை தாங்காது. அடுத்த ஆடிக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. வீட்டில் பழைய லேபிளோ, காலண்டரோ, கையால் வரைந்த அட்டையோ வைத்திருக்கிறவர்கள் முதலில் அதை இறக்கி, தூசி தட்டி, பின்பக்கம் பென்சிலில் வரைந்தவர் பெயரை எழுதி வையுங்கள். மண்டபம் பேசுவது அதற்கு அப்புறம்.

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு என்னைத் திறப்பு விழாவுக்குத் தலைமை தாங்கக் கூப்பிடுகிறவர்களுக்குப் பொன்னாடை திருப்பி அனுப்பப்படும்.